முருங்கைக்கரையில் வைட்டமின் கே: எதை அளந்தால் என்ன தெரியும்?

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை கடலோர ஊர்களில் முருங்கை மரம் இல்லாத தெரு அபூர்வம். முருங்கைக்கீரை போன்ற கரும்பச்சைக் கீரைகளில் 100 கிராமுக்கு நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம் வைட்டமின் கே இருக்கும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 100 மைக்ரோகிராமைச் சுற்றித்தான். அப்படியானால் இந்தக் கரையில் வைட்டமின் கே குறைபாடே இருக்காது என்று முடிவு கட்டிவிடலாமா? கட்ட முடியாது. குறைபாடு இருக்கிறது என்றும் மேசையில் உட்கார்ந்து எழுதிவிட முடியாது. அளந்து பார்க்க வேண்டும். சிக்கல் தொடங்குவதே அங்கேதான், எதை அளப்பது?

இரும்புச்சத்துக் குறைவைப் பற்றிப் பேச ஹீமோகுளோபின் என்ற எண் எல்லோர் வாயிலும் இருக்கிறது. வைட்டமின் டி-க்கும் இரத்தத்தில் பார்க்கும் ஓர் அளவு பழக்கத்துக்கு வந்துவிட்டது. வைட்டமின் கே-க்கு அப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒற்றை எண் இன்றுவரை கிடையாது. இருப்பவை ஐந்தாறு பரிசோதனைகள். ஒன்று நேற்றைய சாப்பாட்டைச் சொல்லும், இன்னொன்று கல்லீரலின் நிலையை, வேறொன்று எலும்பின் நிலையை, மற்றொன்று இரத்தக்குழாயின் நிலையைச் சொல்லும். இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் செய்துவிட்டு ‘இந்த ஊர் மக்களின் வைட்டமின் கே நிலை இது’ என்று எழுதும் ஆய்வை நம்பக்கூடாது என்பதுதான் என் கட்சி.

முதலில் இந்தச் சத்து உடம்பில் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். 1929-இல் கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் கோழிக்குஞ்சுகளுக்குக் கொழுப்பு நீக்கிய தீவனம் கொடுத்துப் பார்த்தபோது அவற்றுக்குத் தோலடியிலும் தசையிலும் இரத்தம் கசிந்தது, உறையவில்லை. அதைத் தடுத்த பொருளுக்கு 1935-இல் ‘கே’ என்று பெயர் வைத்தார். அதன் வேதி அமைப்பைக் கண்டறிந்த எட்வர்ட் டாய்சியோடு சேர்த்து அவருக்கு 1943-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கொடுக்கப்பட்டது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பது 1974-இல்தான் துலங்கியது. கல்லீரல் உண்டாக்கும் புரோத்ராம்பின் என்ற உறைவுப் புரதத்தில் குளூட்டமிக் அமிலம் என்ற கண்ணிகள் சில உண்டு. அந்தக் கண்ணிகளில் கூடுதலாக ஒரு கார்பாக்சில் தொகுதியை ஒட்டவைக்க வைட்டமின் கே வேண்டும். ஒட்டினால்தான் அந்தப் புரதம் கால்சியத்தைப் பிடிக்கும், பிடித்தால்தான் வேலை செய்யும். வைட்டமின் போதாதபோதும் புரதம் உருவாகத்தான் செய்கிறது, ஆனால் அது கொக்கியில்லாத தூண்டில் மாதிரி.

ஒட்டியதா, ஒட்டவில்லையா என்பதே இன்றைய அளவீடுகளில் பாதிக்கு அடிப்படை. ஏனென்றால் இதே வேலை நடப்பது புரோத்ராம்பினில் மட்டும் அல்ல. உறைவுக் காரணிகள் 7, 9, 10, உறைவைக் கட்டுப்படுத்தும் சி, எஸ் புரதங்கள், எலும்பில் ஆஸ்டியோகால்சின், இரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படியாமல் தடுக்கும் மேட்ரிக்ஸ் கிளா புரதம் என்று பட்டியல் நீளும்.

ஊரில் ஓரளவு பழக்கமான பரிசோதனை ஐஎன்ஆர். இதய வால்வு மாற்றியவர்கள், இரத்தம் உறைவதைக் குறைக்கும் அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதற்கென்று ஒரு நோட்டே வைத்திருப்பார்கள். இரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கும் புரோத்ராம்பின் நேரத்திலிருந்து கணக்கிடப்படும் எண் அது. மாத்திரையின் அளவைச் சரிபார்க்க இதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் நலமாக இருக்கும் ஒருவரின் ஊட்டச்சத்து நிலையைப் பார்க்க இது உதவாது. புரோத்ராம்பின் ஏறக்குறைய பாதிக்கும் கீழே போன பிறகுதான் இந்த நேரம் நீளத் தொடங்கும். அதுவரை சோதனை ‘நார்மல்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். கல்லீரல் கெட்டிருந்தால் வைட்டமின் கே போதுமான அளவு இருந்தும் நேரம் நீளும். ஆக, ஐஎன்ஆர் சரியாக இருக்கிறது என்பதால் ஒரு ஊரில் வைட்டமின் கே நிறைவாக இருக்கிறது என்று சொல்வது தவறு. ஆபத்தான குறைபாடு இப்போது இல்லை என்று மட்டுமே சொல்லலாம்.

அதைவிட நுட்பமானது பிவ்கா-2. வைட்டமின் கே இல்லாததால் அரைகுறையாக வெளிவந்த புரோத்ராம்பினை எதிர்ப்பொருள் கொண்டு நேரடியாகப் பிடித்து எண்ணும் முறை இது. உறையும் நேரம் மாறுவதற்கு முன்பே இது ஏறிவிடும். பச்சிளங்குழந்தைகளிடமும் கொழுப்பு செரிக்காத நோயாளிகளிடமும் இது நன்றாகக் கைகொடுக்கிறது. அதேசமயம் கல்லீரல் புற்றுநோயிலும் இது ஏறும், அந்த நோயைக் கண்டுபிடிக்கவே தனியாக இதைப் பயன்படுத்துகிறார்கள். இன்னொரு தொல்லை, வெவ்வேறு கிட்கள் வெவ்வேறு அலகில் எண் கொடுப்பது. அதனால் ஓர் ஆய்வின் எண்ணை இன்னோர் ஆய்வின் எண்ணோடு நேராக ஒப்பிட முடிவதில்லை. நன்றாகச் சாப்பிடும் பெரியவர்களிடையே உள்ள சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களையும் இது காட்டுவதில்லை.

சரி, புரதத்தை விட்டுவிட்டு வைட்டமினையே நேராக அளந்தால் என்ன? அதுவும் செய்கிறார்கள். இரத்தத்தில் உள்ள ஃபில்லோகுயினோனை, அதாவது கீரையிலிருந்து வரும் கே1-ஐ, நீர்மக் குரோமட்டோகிராஃபி மூலம் பிரித்து, ஒளிர்வு வழியாகவோ நிறைநிறமாலை வழியாகவோ அளக்கிறார்கள். ஊட்டச்சத்து ஆய்வுகளில் அதிகம் புழங்குவது இதுதான். ராமநாதபுரம் கரையில் இதைச் செய்யப் போகிறவர் தனியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டியதும் இதைப் பற்றித்தான்.

கே1 இரத்தத்தில் தங்குவது குறைந்த நேரம். மொத்த உடம்பின் இருப்பே ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலும் மாறிவிடும். அளவும் மிகச் சிறியது, நலமான பெரியவர்களிடம் லிட்டருக்கு ஒரு நானோமோலை ஒட்டி, அதாவது அரை மைக்ரோகிராமுக்கும் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். நேற்று மதியம் கீரை சாப்பிட்டவருக்கும், நான்கு நாளாக மீன்குழம்பும் சோறும் மட்டும் சாப்பிட்டவருக்கும் எண் வெவ்வேறாக இருக்கும், இருவரின் மாதச் சராசரி ஒன்றாகவே இருந்தாலும். எனவே ஒரே ஒரு முறை எடுத்த இரத்தம் ஒரு தனி மனிதரைப் பற்றி அதிகம் சொல்லாது. நூற்றுக்கணக்கான பேரின் சராசரியைச் சொல்லும், அவ்வளவுதான்.

அப்புறம், கே1 இரத்தத்தில் தனியாக மிதப்பதில்லை. டிரைகிளிசரைடு நிறைந்த கொழுப்புத் துகள்களில் ஏறிக்கொண்டு போகிறது. டிரைகிளிசரைடு அதிகம் உள்ளவருக்கு கே1-உம் அதிகமாகத் தெரியும். அது திசுக்களுக்குப் போய்ச் சேர்ந்த சத்து என்று அர்த்தமில்லை, வண்டியிலேயே இருக்கிறது. தெற்காசியர்களிடம் டிரைகிளிசரைடு கூடுதலாக இருக்கும் போக்கு தெரிந்த விஷயம். எனவே இங்கே டிரைகிளிசரைடையும் சேர்த்து அளந்து கணக்கைச் சரிசெய்யாமல் கே1-ஐ மட்டும் அச்சிடுவது அரை வேலை.

இதனால்தான் வெறும் வயிற்றில், காலையில் இரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். சொல்வது எளிது. பாக் நீரிணையில் விசைப்படகுகள் ஒரு நாள் காலை கிளம்பி, இரவெல்லாம் வலை இழுத்து, மறுநாள் காலையில்தான் கரை திரும்புகின்றன. படகில் எப்போது சாப்பிட்டார்கள், எப்போது கண் அயர்ந்தார்கள் என்பதெல்லாம் வலையைப் பொறுத்தது. பாம்பனிலோ மண்டபத்திலோ காலை ஏழு மணிக்கு முகாம் போட்டு ‘பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல் வாருங்கள்’ என்றால் வருகிறவர்கள் பெண்களும் வயதானவர்களும்தான். கடலுக்குப் போகிறவர்கள் ஆய்விலிருந்து தாமாகவே கழன்றுவிடுவார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாட்களில், அவர்கள் கரையில் கிடைப்பார்கள். ஆனால் அப்போது வருமானமும் சாப்பாடும் வேறு. கடும் வெயிலில் கீரையும் வேறு. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு தோட்டம் துளிர்க்கும் மாதங்களோடு அதை ஒன்றாக வைக்க முடியாது. ஆகவே ஒரே ஊரில் குறைந்தது இரண்டு பருவத்தில் அளக்காத ஆய்வு, பருவத்தை அளந்துவிட்டு மக்களை அளந்ததாக நினைத்துக்கொள்ளும்.

வெயிலுக்கு இன்னொரு பங்கும் உண்டு. வைட்டமின் கே ஒளி பட்டால் சிதைந்துவிடும். இரத்தக் குழாயை எடுத்தவுடன் அலுமினியத் தாளில் சுற்ற வேண்டும், சீக்கிரம் பிரிக்க வேண்டும், ஆழ்குளிரில் வைக்க வேண்டும். திறந்த கொட்டகையில் முகாம் நடத்தி, மாதிரிகளை வெயிலில் வரிசையாக அடுக்கிவைத்துவிட்டு, பிறகு ‘இந்தக் கரையில் வைட்டமின் கே மிகக் குறைவு’ என்று ஒரு முடிவு வந்தால், குறைந்தது எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. ஆய்வகங்களுக்கு இடையேயும் எண் வேறுபடும். அதற்காகவே லண்டனிலிருந்து கேக்வாஸ் என்ற தரச்சோதனை ஏற்பாடு நடக்கிறது, ஒரே மாதிரியைப் பல நாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பி யார் எண் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறார்கள். ஒரு கட்டுரையில் கே1 எண்ணைப் படிக்கும்போது இப்படிப்பட்ட தரச்சோதனையில் அந்த ஆய்வகம் இருந்ததா என்று தேடிப் பார்ப்பது நல்லது.

கே2 என்ற மெனாகுயினோன்களின் கதை வேறு. இவை ஒரே பொருள் அல்ல, வால் நீளத்தால் வேறுபடும் ஒரு குடும்பம். எம்கே-4 கோழி, முட்டை போன்றவற்றில் உண்டு. எம்கே-7 ஜப்பானியரின் நாட்டோ என்ற புளித்த சோயாவில் ஏராளம், இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே மூன்று நாள் வாக்கில் ஆகும். சாதாரண உணவு மட்டும் சாப்பிடும் பலரிடம் கே2 வகைகள் இரத்தத்தில் அளக்கவே முடியாத அளவுக்குக் குறைவு. பழைய சோற்றிலும் இட்லி மாவிலும் கே2 கொட்டிக்கிடக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை நான் ஏற்கவில்லை. நாட்டோவில் வேலை செய்வது பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா. இட்லி மாவில் முன்னிற்பவை லியூகோனாஸ்டாக் போன்ற லாக்டிக் அமில நுண்ணுயிர்கள். இரண்டும் புளிக்கவைக்கின்றன என்பதற்காக இரண்டிலும் ஒரே சத்து ஒரே அளவில் இருக்காது. நீராகாரம் நல்ல உணவு. அதற்கு இல்லாத பெருமையை ஏற்றி வைக்கத் தேவையில்லை.

எலும்புப் பக்கம் போனால் ஆஸ்டியோகால்சின். அதில் எத்தனை விழுக்காடு கார்பாக்சில் ஒட்டாமல் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். கீரை குறைந்தால் சில நாட்களில் ஏறும், கூடினால் இறங்கும். அந்த அளவுக்கு உணர்திறன் கொண்டது. ஆனால் மொத்த ஆஸ்டியோகால்சினே வளரும் பிள்ளைகளிடமும் மாதவிடாய் நின்ற பெண்களிடமும் கூடிவிடுவதால், ஒட்டாததை மட்டும் தனியாகச் சொன்னால் குழப்பும். விழுக்காடாகச் சொல்ல வேண்டும். நலமாகச் சாப்பிடுகிறவர்களிடமும் ஒரு பகுதி ஒட்டாமலேதான் இருக்கிறது. அதை முழுவதும் ஒட்டவைத்தால் எலும்பு முறிவு குறையும் என்று உறுதியாகக் காட்டவும் இல்லை.

இரத்தக்குழாய்ப் பக்கம் மேட்ரிக்ஸ் கிளா புரதம். 1997-இல் இந்தப் புரதம் இல்லாமல் பிறக்கவைத்த எலிகள் இரண்டு மாதத்துக்குள் இறந்தன. அவற்றின் தமனிகள் சுண்ணாம்பாகிப் போயிருந்தன. அன்றிலிருந்து இதயநோய் ஆய்வாளர்களின் கண் இதன்மேல். இதன் செயலற்ற வடிவம் இரத்தத்தில் ஏறியிருந்தால் வைட்டமின் கே போதவில்லை என்று கொள்கிறார்கள். அமெரிக்க உயிர்வேதியியலாளர் புரூஸ் ஏம்ஸ் முன்வைத்த முன்னுரிமைக் கோட்பாடு இங்கே பொருந்துகிறது: சத்து குறையும்போது உடம்பு உடனடி உயிர் காக்கும் வேலைக்கு, அதாவது கல்லீரலின் உறைவுப் புரதங்களுக்கு முதலில் கொடுக்கிறது. எலும்பும் குழாயும் மிச்சத்துக்குக் காத்திருக்கின்றன. ஐஎன்ஆர் நார்மலாக இருக்கும்போதே மற்ற இரண்டும் பட்டினி கிடக்கலாம் என்பதற்கு இது ஒரு நல்ல விளக்கம்.

ஆனால் இந்த அளவீட்டின்மேல் அதிக நம்பிக்கை வைத்தவர்களுக்கு 2022-இல் டென்மார்க்கிலிருந்து ஒரு பாடம் வந்தது. இதய வால்வில் சுண்ணாம்பு படிந்த 365 ஆண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தினம் 720 மைக்ரோகிராம் எம்கே-7-உம் வைட்டமின் டி-யும் இரண்டு ஆண்டு கொடுத்தார்கள். செயலற்ற மேட்ரிக்ஸ் கிளா புரதம் நன்றாக இறங்கியது. வால்வில் சுண்ணாம்பு படிவது குறையவில்லை. எண் திருந்தியது, நோய் திருந்தவில்லை. அளவுகோல் என்பது வேறு, நோயின் காரணம் என்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. தவிர, சிறுநீரகம் பழுதானவர்களிடம் இந்த எண் வைட்டமின் கே-யை மீறி ஏறியிருக்கும். அதனால் இதை அளக்கும் இடத்தில் கிரியாட்டினினும் பார்த்தே ஆக வேண்டும்.

சிறுநீரில் பார்க்கும் முறைகளும் உண்டு. கார்பாக்சில் கூடுதலாக ஒட்டிய குளூட்டமிக் அமிலமான கிளா அமிலத்தையும், வைட்டமின் கே சிதைந்து வரும் கழிவுப்பொருட்களையும் அளக்கலாம். ஊசி குத்த வேண்டாம் என்பது இதன் நன்மை. ஆனால் கிளா அமிலத்துக்கு 24 மணி நேரச் சிறுநீரை ஒன்று விடாமல் சேர்க்கச் சொல்ல வேண்டும். கடலில் இருப்பவரிடமோ, விடியற்காலையில் பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகும் பெண்ணிடமோ அதைக் கேட்பது நடக்காத காரியம்.

மிச்சம் இருப்பது, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதும் முறை. செலவில்லாதது என்று எல்லோரும் இதற்கு ஓடுகிறார்கள். வைட்டமின் கே விஷயத்தில் இது மிகவும் வழுக்கும். வாரம் இரண்டு முறை கீரை என்று ஒரு வீட்டில் சொன்னால் யார் தட்டில் எவ்வளவு விழுந்தது? குழம்பில் போட்ட கறிவேப்பிலையை ஒதுக்கினார்களா, மென்றார்களா? துவட்டலில் தேங்காய் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு? இந்தக் கடைசிக் கேள்வி அற்பமானதல்ல. கீரையின் கே1 இலையின் பசுங்கணிகங்களுக்குள் இறுகப் பிணைந்திருக்கிறது. கொழுப்பு கூட இருந்தால்தான் குடல் அதை எடுத்துக்கொள்ளும். சமைத்த பசலைக்கீரையை வெண்ணெய் இல்லாமல் சாப்பிட்டபோதும் வெண்ணெயோடு சாப்பிட்டபோதும் அளந்த ஓர் ஐரோப்பிய ஆய்வில், வெண்ணெய் சேர்ந்தபோது உறிஞ்சப்பட்டது ஏறத்தாழ மூன்று மடங்கு. அப்போதும்கூட மருந்தாகக் கொடுத்த அதே அளவில் எட்டில் ஒரு பங்கு வாக்கில்தான் உள்ளே போனது. ஆகவே வெறும் தண்ணீரில் அவித்த கீரையும் தேங்காய்ப்பூ தூவி எண்ணெயில் துவட்டிய கீரையும் அட்டவணையில் ஒரே எண், உடம்பில் வேறு எண்.

எண்ணெயும் அப்படித்தான். மேற்கத்திய ஆய்வுகளில் கே1-இன் பெரிய ஊற்று கீரைக்கு அடுத்தபடி சோயா எண்ணெய். 100 கிராமில் 180 மைக்ரோகிராமுக்கு மேல் உண்டு. இங்கே ரேஷன் பாமாயிலிலும் கடலை எண்ணெயிலும் தேங்காய் எண்ணெயிலும் அது மிகக் குறைவு. நல்லெண்ணெயில் சற்றுக் கூடுதல், அவ்வளவே. அமெரிக்கக் கேள்வித்தாளை அப்படியே மொழிபெயர்த்து ‘தாளிக்கும் எண்ணெய்’ என்று ஒரே வரியில் போட்டால் இந்தக் கரையின் கணக்கு முழுக்கத் தவறிவிடும். ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் ஃபில்லோகுயினோன் அளவும் இருப்பது பெரிய உதவி. வெளிநாட்டு அட்டவணையை விட்டு அதையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

இன்னொரு வழுக்கல், பாசி. கடற்பாசியில் சில வகைகளுக்கு, முக்கியமாக ஜப்பானியர் உண்ணும் நோரிக்கு, கே1 மிக அதிகம். மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூச்சடக்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பெரும்பாலும் வீட்டு உலைக்குப் போவதில்லை. அகர், ஆல்ஜினேட் தயாரிக்கும் ஆலைகளுக்குப் போகின்றன. கடலோரம், பாசி எடுக்கிறார்கள், எனவே பாசிச் சத்து உடம்பில் இருக்கும் என்று தூரத்திலிருந்து ஊகித்தால் தப்பு. மீனும் அப்படியே. சாளையும் நெத்திலியும் சீலாவும் புரதமும் நல்ல கொழுப்பும் கொடுக்கும், கே1-ஐ அநேகமாகக் கொடுக்காது. இந்தக் கரையில் வைட்டமின் கே என்றால் அது கீரையும் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும்தான்.

இவ்வளவு குழப்பத்தின் தடம் பரிந்துரை எண்களிலும் தெரிகிறது. அமெரிக்காவில் 2001-இல் வகுத்தபடி ஆணுக்கு 120, பெண்ணுக்கு 90 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சொன்னது 65, 55. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் சொன்னது பெரியவர் எல்லோருக்கும் 70. மனித உடம்பு நாட்டுக்கு நாடு இவ்வளவு மாறாது. தேவையை நிர்ணயிக்க நம்பகமான அளவுகோல் இல்லாததால், அமெரிக்கர்கள் நலமான மக்கள் சராசரியாக எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து அதையே ‘போதுமான அளவு’ என்று வைத்தார்கள். ‘உங்கள் உணவில் கே பாதிதான் இருக்கிறது’ என்று யாராவது செயலி பார்த்துச் சொன்னால், எந்த எண்ணில் பாதி என்று கேளுங்கள்.

ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கிறது. மாவட்டத்துக்குள்ளேயே இப்படி ஓர் ஆய்வு நடக்க இனி வழி இருக்கிறது. நடந்தால், டிரைகிளிசரைடோடு சேர்த்து கே1, பிவ்கா-2, ஒட்டாத ஆஸ்டியோகால்சின் விழுக்காடு என்று குறைந்தது மூன்றையாவது ஒரே ஆளிடம், இரண்டு பருவத்தில் பார்க்க வேண்டும். இதயநோய் கேள்வி என்றால் மேட்ரிக்ஸ் கிளா புரதமும் சிறுநீரக அளவும் சேர வேண்டும். உறைவு எதிர்ப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களைத் தனியாகப் பிரிக்க வேண்டும். கடலுக்குப் போகும் ஆண்களுக்காக முகாம் நேரத்தை மாற்றி, கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தை எழுதிக்கொள்ள வேண்டும். செலவு கூடும்தான். ஆனால் ஒன்றை மட்டும் மலிவாக அளந்து ஒரு கரையையே தப்பாக விவரிப்பதைவிட இது மேல்.

ஓர் இடத்தில் மட்டும் அளவீட்டுக்குக் காத்திருக்கவே கூடாது. பிறந்த குழந்தை. நஞ்சுக்கொடி வழியாக வைட்டமின் கே மிகக் குறைவாகவே கடக்கிறது, தாய்ப்பாலிலும் அது குறைவு, குழந்தையின் குடலில் நுண்ணுயிர்களும் இன்னும் குடியேறவில்லை. மூளைக்குள் இரத்தக்கசிவு வரை போகக்கூடிய இந்த ஆபத்தைத் தொடையில் போடும் ஒரே ஊசி தடுக்கிறது. வழக்கமான அளவு 1 மில்லிகிராம், எடை மிகக் குறைந்த குழந்தைக்குப் பாதி. தாய் முருங்கைக்கீரை சாப்பிட்டாரா, இரத்தத்தில் எவ்வளவு என்ற கேள்வியே இங்கே எழாது. எல்லாக் குழந்தைக்கும் போட வேண்டும். பிரசவ வார்டில் ‘ஊசி போட்டாச்சா’ என்று பாட்டியோ அத்தையோ கேட்டு உறுதி செய்துகொள்வது நல்ல பழக்கம்.

அசிட்ரோம் சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வைட்டமின் கே-யின் வேலையைத் தடுப்பதே இந்த மாத்திரை என்பதால், கீரையே தொடாதீர்கள் என்று சொல்லப்பட்டு, வருடக்கணக்காக முருங்கைக்கீரையை ஒதுக்கிவைத்திருப்பவர்கள் உண்டு. மாத்திரையின் அளவு உங்கள் வழக்கமான சாப்பாட்டை வைத்தே சரிசெய்யப்படுகிறது. வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் கீரை சாப்பிட்டால் ஐஎன்ஆர் நிலையாக நிற்கும். கீரையை அடியோடு விட்டவரிடம் உடம்பின் இருப்பு மிகக் குறைவாக இருப்பதால், ஒரு நாள் விருந்தில் சாப்பிட்ட கூட்டே எண்ணை ஆட்டிவிடக்கூடும். திரும்பச் சாப்பிடத் தொடங்க நினைத்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், கொஞ்சமாகத் தொடங்குங்கள், முதல் சில வாரங்கள் ஐஎன்ஆரை அடிக்கடி பாருங்கள். மாத்திரை அளவை அவர் அதற்கேற்ப மாற்றித் தருவார்.